காலடியார் எழுந்தருளிய கதை

"உலகத்துல உட்கார்ந்தவன் எல்லாம் எழுந்திருப்பான். ஆனா நான் எழுந்திருக்கிற மாதிரி ஒருத்தன் எழுந்திருக்க மாட்டான். என்னைத் தூக்கிவிட இன்னொருத்தர் கை வேணும்னு ஒரு நாள் வந்தா, அன்னைக்கு நான் இந்தக் கடைத் தரையில இருக்க மாட்டேன். வேணும்னா சுவத்துல எழுதி வச்சுக்கோங்க!"

காலணிக் கடையின் ஆண்கள் பிரிவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏப்பத்தோடு காலடியார் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது கேட்டவர்கள் மூவர்: கடை முதலாளி, பெண்கள் பிரிவைக் கவனிக்கும் குதிகால் அக்கா, சாக்ஸ் மாட்டிக் காட்டுவதற்காக மேசையில் நிறுத்தியிருந்த ஒரு பிளாஸ்டிக் கால். சுவரில் யாரும் எழுதி வைக்கவில்லை. போன மாதம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். முதலாளி ஒரு ஆணி அடிக்கவே விடமாட்டார்.

பிரகடனத்துக்குக் காரணம் ஒரு ஸ்டூல். விற்பனையாளர்கள் வாடிக்கையாளரின் காலுக்கு எதிரே வசதியாக உட்கார வேண்டும் என்று, மெத்தை தைத்த சிவப்புக் குட்டி ஸ்டூல்களை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். "இனிமே யாரும் முட்டி போட்டுக் கஷ்டப்பட வேண்டாம்ணே" என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னதைக் காலடியார் அதே பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன் ஷூ விற்பவன் அல்ல, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் என்பது அவர் கட்சி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்ற நாள்களில் கடைக்கும் தெருவுக்கும் அவர் காலடியார்தான். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் குதிகால் அக்கா. பதிலுக்கு அவர் கொடுத்ததுதான் குதிகால் என்ற பட்டம். குதி உயர்ந்த செருப்புகளை விற்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டங்களைப் பரிமாறிக்கொண்ட பிறகு இருவரும் அண்ணன் தங்கையாகப் பல வருஷம் சண்டை போட்டுச் சுகமாக வாழ்ந்தார்கள்.

காலடியார் தொழில் செய்வதைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் நாற்காலியில் அமர்ந்ததும் இவர் இடது முட்டியைத் தரையில் ஊன்றுவார். வந்தவரின் பாதத்தைத் தன் வலது தொடை மேல், எவரோ ஊருக்குப் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போன குழந்தை மாதிரி, வாங்கி வைத்துக்கொள்வார். அளவுப் பலகை ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். உள்ளங்கையில் குதிகாலை ஏந்தினாலே எண் தெரிந்துவிடும். தகட்டுக் கரண்டியை நுழைத்து ஷூவை மாட்டி, கட்டைவிரலால் நுனியை ஒரு அழுத்து அழுத்தி, "இது உங்க கால் இல்லை, இது உங்க ஆசை. ஒரு சைஸ் பெருசு போடுங்க" என்பார். அப்புறம் எழுந்திருப்பார். கை ஊன்றமாட்டார், நாற்காலியைப் பிடிக்கமாட்டார், "அப்பாடா" என்றுகூடச் சொல்லமாட்டார். ஒரே மூச்சில் மேலே வந்து நிற்பார். கீழே போனவன் கடைச் சிப்பந்தி என்றால் மேலே வந்தவன் சேனாதிபதி. அந்த எழுச்சியைப் பார்த்தே ஷூ வாங்கியவர்கள் உண்டு என்று அவர் சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மனிதர்களின் முகம் அவருக்கு மனத்தில் தங்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் குனிந்து காலைப் பார்ப்பார், பிறகுதான் "அடடே, நீங்களா!" என்று நிமிர்வார்.

"ஏங்க, மனுஷங்க மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க. செருப்பு திருட நோட்டம் விடுறவன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்பாள் அவர் மனைவி. அவள் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். உலகத்தின் சுருக்கங்களை எல்லாம் நீக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், நீக்க முடியாத ஒன்று சாய்வு நாற்காலியில் கிடக்கும்.

இத்தகைய மனிதரை நோய்கள் சற்றுத் தயங்கித்தான் அணுகின. முதலில் ரத்த அழுத்தம் வந்தது. அதற்கு ஒரு மாத்திரையைப் போட்டு அதோடு ஒரு மாதிரி சமாதானமாகப் போய்விட்டார். பிறகு சர்க்கரை வந்தது. அது சமாதானத்துக்கு வருகிற ஜாதியாகத் தெரியவில்லை. முதல் மாத்திரைக்கு மசியாததால் டாக்டரம்மா இரண்டாவதாகப் புதியது ஒன்றைச் சேர்த்தார்.

"இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியே அனுப்பும். அதனால அடிக்கடி போக வேண்டி வரும். தண்ணி நல்லா குடிங்க. பிரஷரும் இதனால கொஞ்சம் இறங்கும். தலை சுத்தல் ஏதாவது வந்தா உடனே வந்து சொல்லணும், சரியா?"

காலடியார் பவ்யமாகத் தலையாட்டினார். ஆனால் அந்த நேரம் முழுக்க அவர் டாக்டரம்மாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது செருப்பு உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஆகவே அடிக்கடி போக வேண்டி வரும் என்ற வரை காதில் விழுந்தது. மீதி, செருப்பின் தேய்மானத்தில் கரைந்துவிட்டது.

மாத்திரை சொன்ன சொல் தவறவில்லை. அடிக்கடி போக வேண்டி வந்தது. வீட்டில் அது ஒரு பிரச்சினையே அல்ல. கடையில் அது அரசியல்.

கடையின் கழிப்பறை, குடோனுக்குள் புகுந்து, அட்டைப் பெட்டிச் சந்துகளைத் தாண்டி, இரும்புப் படி ஏறினால் வரும். போய்த் திரும்புவதற்குள் ஒரு வாடிக்கையாளர் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். அது மட்டும் இல்லை. கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பாதியில் காலை விட்டுவிட்டு எழுந்து போனால், அந்தக் கால் அடுத்தவருக்குச் சொந்தம். இந்தச் சட்டத்தை இயற்றியவரே காலடியார்தான். முன்பு டீ குடிக்கப் போன சக ஊழியரிடமிருந்து ஒரு வக்கீலின் காலைக் கைப்பற்றுவதற்காக அவசரமாக இயற்றியது. இப்போது அதே சட்டப்படி அவருடைய கால்களைக் குதிகால் அக்கா வரிசையாகக் கைப்பற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, குடோன்ல ஏதாவது புதையல் கிடைச்சிருக்கா? போறதும் வர்றதுமா இருக்கீங்க?"

"சரக்குப் பார்க்கப் போனேன், தாயே."

"பார்த்தீங்களா? பத்திரமா இருக்கா?"

காலடியார் யோசித்தார். உள்ளே போவது நின்றால் வெளியே வருவது நிற்கும். தொட்டி காலியானால் குழாய் ஒழுகாது. இந்தச் சித்தாந்தம் அவருக்கு அப்பழுக்கில்லாததாகத் தோன்றவே, அன்றிலிருந்து கடை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். மனைவி நிரப்பிக் கொடுத்த பாட்டில் காலையில் பையில் ஏறிப் பயணம் செய்து, நாள் முழுக்க ஷெல்ஃபில் வீற்றிருந்து ஊர் பார்த்துவிட்டு, மாலையில் அப்படியே வீடு திரும்பியது.

முதல் தடவை தலைசுற்றல் வந்தபோது, அவர் ஒரு தபால்காரரின் காலுக்கு ஷூ மாட்டி முடித்து வழக்கப்படி ஒரே மூச்சில் எழுந்திருந்தார். எழுந்தவர் நின்றார், கடை நிற்கவில்லை. விளக்குகளெல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. காதுக்குள் யாரோ வானொலியைத் திருப்பினார்கள். பக்கத்து ஷெல்ஃபை எட்டிப் பிடித்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட ஒரு ஷூவைத் தூக்கி, "இதையும்... பாருங்க..." என்றார். அது குழந்தைகள் ஷூ. தபால்காரர் மரியாதைக்காகப் பார்த்தார்.

அடுத்த நாளும் வந்தது. எழுந்தால் வரும், உட்கார்ந்தால் போகும். வேறொருவராக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பார். காலடியாருக்குப் பயமே டாக்டர்தான். டாக்டருக்குத் தெரிந்தால் மனைவிக்குத் தெரியும். மனைவிக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் கல்லா. கடையில் தள்ளாதவர்களை உட்கார வைக்கிற இடம் அது. கல்லாவில் உட்கார்ந்தவன் வருகிறவர்களின் இடுப்புக்கு மேலேதான் பார்க்க முடியும். அது ஒரு வாழ்க்கையா?

எனவே தந்திரத்தில் இறங்கினார். வேலை முடிந்தாலும் எழாமல், முட்டி போட்டபடியே தோலின் குணம், தையலின் மேன்மை, மழையில் நனைந்தால் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று விரிவுரை ஆற்றினார். வாடிக்கையாளர் பில் போட எழுந்து போன பிறகு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, நாற்காலியைக் கட்டிப் பிடித்து ஏறி வந்தார். விளைவு விபரீதமாயிற்று: வியாபாரம் கூடிவிட்டது. இவ்வளவு நேரம் தன் காலடியில் கிடந்து பேசுகிறவரிடம் வாங்காமல் போக யாருக்கும் மனம் வரவில்லை.

"அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோங்க. இதுதான் பணிவு!" என்றார் முதலாளி, கடை முழுக்கக் கேட்க.

ஆனாலும் உள்ளே உறுத்தியது. நோயின் மூலத்தைக் கண்டுபிடித்தே தீர்வது என்று உட்கார்ந்தார், அதாவது உட்கார்ந்தபடியே இருந்தார். மருந்துக் கடைக்குப் போய் நாற்காலியில் அமர்ந்து பிரஷர் பார்த்தார். அமோகமாக இருந்தது.

"பார்த்தியா? இளவட்ட ரத்தம்!" என்று வீட்டில் அறிவித்தார்.

"இளவட்டத்துக்கு ஏன் உதடு இப்படி வெடிச்சுக் கிடக்கு? தண்ணி குடிக்கிறீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

"பாட்டில் கொண்டு போறேன்ல?"

"கொண்டு போறீங்க. கொண்டும் வர்றீங்க. அதுக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துடலாம்."

காலடியார் பேச்சை மாற்றிவிட்டுத் தன் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். ரத்தம் நன்றாக இருக்கிறது. அழுத்தமும் நன்றாக இருக்கிறது. எழுந்திருக்கும்போது மட்டும் தலைக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறது. எங்கே மாட்டும்? வாழ்நாள் முழுக்கக் காலை ஆராய்ந்த மூளை ஒரே இடத்துக்குத்தான் போகும். சாக்ஸ்! கெண்டைக்காலில் பதியும் அந்த எலாஸ்டிக்! அதற்குக் கீழே கணுக்காலை நெரிக்கும் லேஸ்! கீழே போன ரத்தத்தை மேலே வரவிடாமல் இரண்டு பேரும் சேர்ந்து வாசலை அடைத்து நிற்கிறார்கள்.

அன்று மாலையே தன் சாக்ஸ்களின் மேல் விளிம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். மறுநாள் கடையிலிருந்து தன் அளவை விட ஒரு எண் பெரிய ஷூவை ஊழியர் விலையில் வாங்கி, லேஸைப் பேருக்குக் கட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் அளவு சொன்ன உத்தமர், தனக்குப் பொருந்தாத ஷூவில் படகு ஓட்டுவதுபோல் நடக்கத் தொடங்கினார்.

"அண்ணே, உங்க ஷூ உங்களுக்கு முன்னாடி போகுது" என்றாள் குதிகால் அக்கா.

"காத்தோட்டம், தாயே."

"காத்தோட்டமா? வாடகைக்கு ஆள் வைக்கலாம் போல இருக்கே உள்ள!"

சிரித்தாளே தவிர, அதற்குப் பிறகு அவர் நடக்கும்போதெல்லாம் அவள் கண் அந்த ஷூவிலேயே இருந்தது. ஆண்கள் பிரிவுக்குப் பக்கத்து வரிசையில் அவளுக்கு அடிக்கடி ஏதோ வேலையும் இருந்தது.

தலைமையாசிரியை வந்தது ஒரு சனிக்கிழமை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு வலது காலில் பெருவிரல் கணு முண்டு கட்டியிருக்கும். எந்தக் கடை ஷூவும் அந்த முண்டை மன்னிப்பதில்லை. காலடியார் மட்டும்தான் ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்ற எல்லைக்கோட்டை எல்லாம் அழித்துவிட்டு, குடோன் ஆழத்திலிருந்து ஏதோ ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அந்தக் கணுவுக்கு நியாயம் வழங்குவார்.

"தம்பி, போன தடவை மாதிரி பாத்துப் போடுங்க. நாள் முழுக்க நின்னாகணும் நான்."

"டீச்சரம்மா, உங்க கால் என் கையில இருக்கு. கவலையை விடுங்க."

வலது காலுக்குப் போட்டுப் பார்த்தார். பஞ்சு மாதிரி உட்கார்ந்தது. மகிழ்ச்சியில் தந்திரம் மறந்துபோயிற்று. இடது ஷூவை எடுக்கப் பழைய பாணியில், ஒரே மூச்சில் எழுந்தார்.

இந்த முறை விளக்குகள் மூலைக்கு ஓடவில்லை, அணைந்தே விட்டன. ஷெல்ஃபைப் பிடிக்கப் போன கை ஷெல்ஃபோடு வந்தது. அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக, பிறகு மொத்தமாக, அந்தத் தொழிலின் மாமனிதரை மூடின.

கண் திறந்தபோது அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். குதிகால் அக்கா பெட்டிகளை வீசிக்கொண்டே, "அண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கிண்டலே இல்லாதது அவருக்கு முதலில் அச்சமூட்டியது.

"யாரும் தூக்கி உட்கார வைக்காதீங்க! படுத்தே இருக்கட்டும். காலை உயர்த்துங்க!" தலைமையாசிரியை ஒரு காலில் புது ஷூவும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும், சிவப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளுக்குச் செய்து பழகிய கை. அடிபட்டதா என்று தலையையும் தடவிப் பார்த்தார். ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

உயர்த்திய வேகத்தில் காலடியாரின் ஷூ கழன்று அந்த அம்மாள் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். காலையும் பார்த்தார்.

"தம்பி... இது உங்க சைஸ் இல்லையே?"

மயக்கம் வந்தபோதுகூட காலடியார் கண்ணை இவ்வளவு இறுக்கி மூடவில்லை.

முதலாளி நல்லவர். அதனால்தான் கோபம் வந்தது. "என்னண்ணே இது? எத்தனை நாளா இப்படி? தலையில பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கல்லாவுல உட்காருங்க. அவங்க சரின்னு சொன்ன அப்புறமும், இன்னொரு தடவை தரையில விழுந்தீங்கன்னா கல்லாதான், நிரந்தரமா."

டாக்டரம்மாவிடம் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவில்லை, சட்டைக் காலரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரம் விட்டு, நின்றபடியே மறுபடி பார்த்தார்.

"படுத்திருக்கும்போது நல்லா இருக்கு. நின்னதும் கடகடன்னு விழுது. உட்கார்ந்தே பார்த்துட்டு இருந்தா இது எப்படித் தெரியும்? தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

காலடியார் கூரையைப் பார்த்தார்.

"கேளுங்க டாக்டர், நல்லா கேளுங்க. பாட்டிலை தினமும் கடைக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போறாரு" என்றாள் மனைவி.

"ஏங்க ஐயா?"

கழிப்பறை, குடோன், இரும்புப் படி, கால் விட்டால் ஆளை இழக்கும் சட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க. இந்தப் புது மாத்திரை சர்க்கரையை வெளியே தள்ளும்போது, கூடவே கொஞ்சம் உப்பும் தண்ணியும் போகும். ரத்தக் குழாய்ல ஓடுற அளவு குறையும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். அது நல்லதுதான், இதயத்துக்குச் சுமை குறையும். ஆனா உங்க பழைய பிரஷர் மாத்திரையும் தன் பங்குக்குக் குழாயைத் தளர்த்தி விடுது. இது ரெண்டும் போதாதுன்னு நீங்க தண்ணியையும் நிறுத்திட்டீங்க. உட்கார்ந்தவங்க எழுந்ததும் ரத்தம் எல்லாருக்கும் காலுக்குத்தான் இறங்கும். கால்ல இருக்கிற குழாய் சட்டுனு சுருங்கி அதை மேல தள்ளணும். சுகர் இருக்கிறவங்களுக்கு அந்தச் சுருக்கமே சில சமயம் மெதுவா நடக்கும். இதுல தள்ளுறதுக்குச் சரக்கும் இல்லைன்னா?"

சரக்கு இல்லை என்ற சொல் காலடியாருக்கு உடனே புரிந்தது. கடைக்காரர் அல்லவா.

"அப்ப... நான் சாக்ஸை லூசாக்கினதுல எதுவும் பிரயோஜனம் இல்லையா?"

"சாக்ஸை என்ன பண்ணீங்க?"

மனைவி சொன்னாள். எலாஸ்டிக் நறுக்கியது முதல் பெரிய ஷூ வரை, ஒரு மடிப்பு விடாமல் சொன்னாள். டாக்டரம்மா முகத்தைக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஐயா, இந்த மாதிரி ஆளுங்களுக்கு இறுக்கமான சாக்ஸ் போடச் சொல்றதுதான் வழக்கம். ரத்தம் கால்ல தேங்காம இருக்க. நீங்க கதவை நல்லா திறந்து விட்டு, வந்து தங்குன்னு சொல்லியிருக்கீங்க!"

தன் வாழ்நாளில் ஒரு காலைப் பற்றித் தான் தப்பாகச் சொல்லிவிட்டதை, அதுவும் சொந்தக் காலைப் பற்றி, காலடியார் மெல்ல விழுங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரோடுதான் விழுங்க முடிந்தது. மனைவி நீட்டினாள்.

"அந்தப் புது மாத்திரையை நிறுத்திடலாமே, டாக்டர்?"

"எதுக்கு? அது அதோட வேலையை ஒழுங்காப் பார்க்குது. உங்க சர்க்கரை இறங்கியிருக்கு. நான் பழைய பிரஷர் மாத்திரையைப் பாதியாக்குறேன். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, தண்ணி உட்பட! வாந்தி பேதின்னு சாப்பிட முடியாத நாள் வந்தா மட்டும், இந்தப் புது மாத்திரையைப் போடாம எனக்கு உடனே போன் பண்ணுங்க. இப்ப காலைக் காட்டுங்க. காலுக்கு ரத்தம் நல்லா போகுதான்னு பார்த்துட்டுத்தான் இறுக்கமான சாக்ஸ் வேணுமா வேண்டாமான்னு சொல்ல முடியும்."

இங்கேதான் காலடியார் தடுமாறினார். ஆயிரக்கணக்கான கால்களைக் கையில் ஏந்தியவர்; அவர் காலை யாரும் ஏந்தியது கிடையாது, தரையில் கிடந்த அந்த நாளைத் தவிர. டாக்டரம்மா அவர் பாதத்தை ஒரு கையில் வாங்கி, மேல்பக்கம் இரண்டு விரல் வைத்து, கண்ணை மூடி ஏதோ கேட்பவர்போல் இருந்தார்.

"கூசுதா?"

"இல்ல டாக்டர்" என்றார். கூசியது. ஆனால் கூச்சம் பாதத்தில் இல்லை.

"இங்க துடிக்குது, நல்லா. வாங்க, கையை வச்சுப் பாருங்க."

காலடியார் குனிந்து தன் பாதத்தின் மேல் தன் விரலை வைத்தார். தோலுக்கு அடியில் மெல்ல, தவறாமல், ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமாக இவர் அடுத்தவர் ஷூ நுனியைத் தட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம், கீழே இதுவும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் விரலை எடுக்க மறந்துவிட்டார்.

"போதும்ங்க, விலை கேட்டுடாதீங்க" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்ததைக் காலடியார் பார்க்கவில்லை. வழக்கம்போல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. இறுக்கமான சாக்ஸ் இப்போதைக்கு வேண்டாம், பாதி மாத்திரையில எப்படி இருக்குன்னு பார்ப்போம். உங்க அளவு ஷூவைப் போடுங்க. கீழ உட்கார்ந்தா சட்டுனு எழக் கூடாது. முதல்ல ஸ்டூல்ல ஏறி உட்காருங்க. கொஞ்ச நேரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்க. அப்புறம் எதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்திருங்க. பக்கத்துல ஆள் இருந்தா ஆளையே பிடிச்சுக்கோங்க."

"ஷெல்ஃபைப் பிடிச்சுக்கறேன் டாக்டர்."

"ஏன், இன்னும் விழாத பெட்டி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றாள் மனைவி.

அதன் பிறகு கல்லாவாசம். காலடியார் உயரமான நாற்காலியில் அமர்ந்து, வருகிற கழுத்துகளையும் மேல்சட்டைப் பித்தான்களையும் பார்த்தார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. எட்டிக் குனிந்து காலைப் பார்க்க முயன்று, ஒருமுறை பேனாவைத் தொலைத்தார். ஆண்கள் பிரிவில் யாரோ யாருக்கோ ஒரு எண் சின்னதாகப் போட்டு அனுப்புவதைத் தூரத்திலிருந்து பார்த்து, வயிறு எரிந்து, தண்ணீர் குடித்தார். கல்லாவில் கால் விட்டால் ஆளை இழக்கும் சட்டம் செல்லாது என்பதால் நிம்மதியாக இரும்புப் படியும் ஏறினார்.

அதற்கு நடுவில் குதிகால் அக்கா சட்டத்தையே திருத்திவிட்டாள். "அவசரத்துக்குப் போறவங்க காலை யாரும் தொடக் கூடாது. வர்ற வரைக்கும் நான் காவல் இருப்பேன்" என்று சபையில் அறிவித்தாள். முதலாளி ஆமோதித்தார். காலடியார் மட்டும் குனிந்து சில்லறை எண்ணினார், எண்ணியது தவறாகப் போயிற்று.

மறுபடி போனபோது டாக்டரம்மா நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இப்ப அவ்வளவா இறங்கலை. ஆனா சொன்னதை மறக்கக் கூடாது" என்று தரைக்கு அனுமதி கொடுத்தார். முதலாளி, "இன்னொரு தடவைன்னா என்னன்னு ஞாபகம் இருக்குல்ல அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்த முதல் நாள் காலையிலேயே தலைமையாசிரியை வந்துவிட்டார். அன்று கலவரத்தில் முடியாமல் போன ஷூ விவகாரம் பாக்கி இருந்தது. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். குதிகால் அக்கா குடோனில் இருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டீச்சரம்மா. அந்த ஜோடியைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். உட்காருங்க."

இடது முட்டியை ஊன்றினார். பாதத்தை வாங்கித் தொடையில் வைத்தார். கரண்டியை நுழைத்தார். முண்டுக் கணுவுக்கு மேலே கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கண்ணை மூடி, ஏதோ கேட்பவர்போல் இருந்தார். பிறகு இன்னொரு காலையும் முடித்தார். லேஸ் இரண்டும் ஒரே மாதிரி முடிச்சு.

வேலை முடிந்தது. இனி எழ வேண்டும்.

உடம்புக்குள் அந்தப் பழைய ஸ்பிரிங் அப்படியே இருந்தது, ஒரே மூச்சுக்காகக் காத்துக்கொண்டு. ஒருவேளை ஒன்றும் ஆகாது. பாதி மாத்திரைதான். காலையிலிருந்து பாட்டில் பாதி காலி. பார்க்க யாரும் இல்லை. விழுந்தால்தானே கல்லா?

காலடியார் கையை நீட்டிச் சிவப்பு ஸ்டூலை இழுத்தார். ஏறி உட்கார்ந்தார். மெத்தை எதிர்பார்த்த அளவு மோசமாக இல்லை. தன் சொந்த அளவு ஷூவுக்குள் இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் ஆட்டினார். தலைமையாசிரியை அவசரப்படுத்தவில்லை. பிள்ளைகள் பதில் யோசிக்கும்போது காத்திருந்து பழகியவர்.

"டீச்சரம்மா..."

"சொல்லுங்க தம்பி."

"கொஞ்சம் கையைக் குடுங்க."

அவர் கொடுத்தார். காலடியார் அதைப் பற்றிக்கொண்டு, அவசரமில்லாமல் எழுந்தார். கடை இருந்த இடத்திலேயே இருந்தது. கையை உடனே விடவில்லை. அதைப் பிடித்தபடியே, நாற்காலியில் இருந்த அந்த அம்மாளைப் பார்த்து, இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இப்ப நீங்க எழுந்திருங்க. மெதுவா. ரெண்டு அடி நடந்து காட்டுங்க, பார்ப்போம்."